தறிக்குழி மேல் நிற்கும் இரும்பு பீரோ

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிற தோழர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுவார்கள். கூடம் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற அறையில், வாசலுக்கு நேர் எதிரே, நெஞ்சளவு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாமான் நிற்கிறது. நாலு டிராயர். சர்க்கார் ஆபீஸ் பச்சை. ஒவ்வொரு டிராயர் நெற்றியிலும் பெயர்ச்சீட்டு செருக ஒரு சின்னச் சட்டம், அதற்குக் கீழே கைப்பிடி. வலது பக்கம் பெயிண்ட் உரிந்து, அடியில் துரு அரித்திருக்கிறது. தலைமேல் பாபாசாகேப் படம் வைத்திருக்கிறோம். "இன்னா தோழர், தாலுகா ஆபீஸைப் பேத்து எடுத்துக்கினு வந்துட்டீங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது சரியான கேள்விதான்.

அதை வாங்கியது காஞ்சிபுரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய சாமான்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். கால் உடைந்த நாற்காலி, முதுகு இல்லாத ரேக், இந்த மாதிரி டிராயர் பீரோ ஏழெட்டு, எல்லாம் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. கம்ப்யூட்டர் வந்த பிறகு இதெல்லாம் இடத்தை அடைக்கிற சாமான் ஆகிவிட்டது. கடைக்காரர் எடைபோட்டு விலை சொன்னார். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். அம்மா சுற்றிச்சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாடா இது? பீரோன்னா கண்ணாடி இருக்கணும். மூஞ்சி பாக்க முடியாத பீரோ இன்னாத்துக்கு?"

அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. நம் சனங்களுக்கு இரும்பு பீரோ என்றால் கல்யாணச் சீர். ஆளுயரக் கண்ணாடியும் உள்ளே பூட்டு வைத்த லாக்கரும் கொண்ட பீரோ வீட்டுக்குள் வந்தால்தான் அந்தக் குடும்பம் கொஞ்சம் தலையெடுத்துவிட்டது என்று அர்த்தம். பூட்டு செய்ய 1897இல் தொடங்கிய கோத்ரேஜ் கம்பெனி 1923இல் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தது. அப்புறம் ஊருக்கு ஊர் பட்டறைகள் அதைப் பார்த்துச் செய்தன. எந்தப் பட்டறையில் செய்தாலும் சனம் 'காட்ரேஜ் பீரோ' என்றுதான் சொன்னது. எங்கள் அம்மாவுக்கு அதுவும் வரவில்லை. அவள் சீராகக் கொண்டுவந்தது ஒரு தகர டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பீரோவை நிறுத்திய இடத்தையும் சொல்லவேண்டும். அது எங்கள் நைனாவின் தறிக்குழி இருந்த இடம். காஞ்சிபுரம் பட்டு என்றால் நெசவுக்கென்றே இருக்கிற சாதிகள்தான் நினைவுக்கு வரும். சுற்றுப்பட்டுக் கிராமச் சேரிகளிலும் தறி உண்டு. நாங்கள் கூலி நெசவாளர்கள். பட்டும் சரிகையும் முதலாளியுடையது, குழியும் முதுகும் எங்களுடையது. கோர்வைச் சேலை நெய்யும்போது மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளைதான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் வந்த பின்னும் நான் அந்தப் பிள்ளையாக இருந்தேன். காஞ்சிபுரத்துத் தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதைக் கல்லூரி நாட்களில் படித்தபோது எங்கள் தெருவைப் படிக்கிற மாதிரி இருந்தது. கொத்தடிமை முறையை 1976இலேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. தறிக்குழிக்குள் அந்தச் சட்டம் இறங்கிவர நேரமாயிற்று.

நைனா வாங்கிய முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு? எல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. அந்த நோட்டு முதலாளி வீட்டு அலமாரியில் இருந்தது. வருஷக்கணக்காக நைனா அந்தக் கணக்கை நெய்தார். ஒருநாளும் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. கேட்டால், "என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று பதில் வரும். கண் மங்கிய பிறகு தறியைப் பிரித்து விற்றோம். குழியில் மண்ணைக் கொட்டிச் சிமெண்டு பூசினோம். அந்தச் சிமெண்டின் மேல்தான் இந்த பீரோ நிற்கிறது.

சென்னையில் எனக்கு ஒரு நண்பர். கட்டட வேலை தெரிந்தவர், முற்போக்கானவர், நம் கூட்டங்களுக்கும் வருவார். அவர் வீட்டிலும் இதே போல் ஒரு டிராயர் பீரோ உண்டு. மஞ்சள் வண்ணம் அடித்து, மேல்தட்டில் செடி வைத்து, டிராயர்களில் செருப்பும் கண்ணாடிக் கோப்பையும் வைத்திருக்கிறார். பழைய ஆலை ரேக், பள்ளிக்கூட லாக்கர், நூலகத்துக் கார்டு டிராயர் எல்லாம் இப்போது வீட்டு அலங்காரம். காப்பிக் கடைகளிலும் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"இந்தத் துருதாங்க அழகு. இதைத் தேய்ச்சிடாதீங்க. எனக்குக் குடுத்துடறீங்களா? நல்ல விலை தர்றேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. உலைக்குப் போகிற இரும்பை ஒருத்தர் எடுத்து வீட்டில் வைப்பது நல்ல காரியம்தான். முப்பது நாற்பது வருஷம் உழைத்த இரும்பு, இன்னும் உழைக்கும். ஆனால் அவர் அதில் பார்ப்பது ஒன்று, நான் பார்ப்பது வேறொன்று. பெயர்ச்சீட்டு செருகும் சட்டம் அவருக்கு ஓர் அழகான வேலைப்பாடு. எங்களுக்கு அது வாசற்படி. அந்தச் சீட்டில் நம் பெயர் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் தாத்தா காலத்து வாழ்வும் சாவும் இருந்தது.

பீரோவை வாங்கிய அன்று ராத்திரி ஓர் அசட்டு ஆசையில் ஒவ்வொரு டிராயராகக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஏதாவது ஒரு காகிதம் சிக்கியிருக்காதா? எங்கள் ஊர் பெயர் இருக்காதா? ஒன்றும் இல்லை. துருப்பிடித்த குண்டூசிகள், செத்த பாச்சை, மை கரைந்துபோன ஒரு சீட்டு. அவ்வளவுதான். சாமானைக் கழித்துக்கட்டியவர்கள் காகிதத்தை என்ன செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

கொஞ்சம் வரலாறு பேசலாம். காகிதத்தை மடித்துக் கட்டி அறைக்குள் அடுக்குவதற்குப் பதிலாக, உறையில் போட்டு டிராயருக்குள் நிற்கவைக்கும் முறை அமெரிக்காவில் 1890களில் வந்தது. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது காட்டப்பட்டது. சிகாகோ 1893 என்றால் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது விவேகானந்தர் பேசினார் என்பது மட்டும்தான். அதே கண்காட்சியில் கறுப்பின மக்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டு ஐடா பி. வெல்ஸும் பிரடெரிக் டக்ளஸும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு துண்டுநூல் வெளியிட்டார்கள் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. அதே 1893இல்தான் இங்கே, செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று தன் பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். உலகத்தின் இரண்டு மூலைகளிலும் ஒரே கேள்வி: கணக்கில் எங்கள் பெயர் எங்கே?

அதற்குச் சற்று முன் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த டிரமென்கீர், 1891இல் ஜில்லாவின் பறையர்கள் நிலைமையைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதினார். அதன்மேல் 1892இல் பிறந்த ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். முதல் பத்து வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கே தவிர வேறு யாருக்கும் மாற்றக்கூடாது என்பது நிபந்தனை. சென்னை மாகாணத்தில் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஒரு பகுதி. அந்தச் சட்டம் பிறந்த மண்ணில்தான் நாங்கள் இருக்கிறோம்.

சட்டம் இருந்தது. நிலமும் இருந்தது. காகிதம் எங்கே இருந்தது? கர்ணம் வீட்டில். கர்ணம் வேலை பரம்பரை வேலை. 1980இல்தான் அது ஒழிந்தது. அதுவரை கிராமத்துக் கணக்கு முழுக்க ஊர்த்தெருவில், கர்ணம் வீட்டு மரப்பெட்டியில். அந்தத் தெருவுக்குள் எங்கள் தாத்தா செருப்புப் போட்டு நடக்க முடியாது. தன் பெயரில் நிலம் இருக்கிறதா என்று கேட்க, திண்ணைக்குக் கீழே தெருவில் நின்று கேட்கவேண்டும். மேலிருந்து வருகிற பதிலை நம்பவேண்டும். கர்ணம் வீட்டு மரப்பெட்டி, முதலாளி வீட்டு அலமாரி, ஆபீஸ் இரும்பு பீரோ: மூன்றும் வேறுவேறு சாமான்கள், எங்களுக்கு மூன்றும் ஒன்றுதான். காகிதம் யார் வீட்டுச் சாமானுக்குள் இருக்கிறதோ அவர் சொன்னதே கணக்கு.

உள்ளே போய் உட்கார்ந்தவருக்கு மட்டும் என்ன நடந்தது? கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அலுவலகச் சேவகர்கள் தீட்டுப்படும் என்று கோப்புகளைத் தூர நின்று அவர் மேசைமேல் வீசினார்கள். கோப்புக்குத் தீட்டு இல்லை. கோப்பைத் தொடும் நம் கைக்குத்தான் தீட்டு. அந்த மனிதர் பின்னாளில் பம்பாய் தாதரில் தம் புத்தகங்களையும் மனதில் வைத்து ஒரு வீடு கட்டினார், ராஜகிருகம் என்று பெயர் வைத்து. வீட்டில் எதை எங்கே வைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன். அதில் ஒரு பக்கம் அவள் புடவைகள். இன்னொரு பக்கம் பட்டுநூல் கழிவால் கட்டிய ஒரு காகிதக் கட்டு. தாத்தாவுடையது. 1972 முதல் அவர் கொடுத்த மனுக்களின் நகல், தபால் ரசீது, ஆபீசில் இருந்து வந்த பதில்கள். தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. யார் யாரையோ கெஞ்சி எழுதவைத்திருக்கிறார். தாத்தா 1991இல் செத்துப்போனார். நைனா அஞ்சாவது வரைக்கும் படித்தவர், தறிக்கு நடுவில் முடிந்தபோது மனு போட்டார். நான்? நான் எம்.ஏ. தமிழ். குறுந்தொகைக்கு நாலு உரை ஒப்பிட்டுப் படித்தவன். சேரி சேரியாகப் போய்ப் பஞ்சமி நிலம் மீட்போம் என்று பேசியவன். என் வீட்டுப் பெட்டிக்குள் இருந்த கட்டை அவிழ்த்து, முதல் காகிதத்தில் இருந்து கடைசிக் காகிதம் வரை ஒருதடவை வரிசையாகப் படித்ததில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும்.

பீரோ வந்த பிறகுதான் அந்தக் கட்டை அவிழ்த்தேன். டிராயர் காலியாக இருக்கிறதே, இதை அடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வருஷவாரியாகத் தரையில் பரப்பினோம். நைனா காகிதத்தைக் கண்ணருகில் கொண்டுபோய் முத்திரையைப் பார்ப்பார், நான் தேதி சொல்வேன், தங்கை உறையில் போட்டு எழுதுவாள். மூன்று ராத்திரி ஆனது. மூன்றாம் ராத்திரி தங்கை இரண்டு காகிதத்தைச் சேர்த்து நீட்டினாள்.

"அண்ணே, இத்த படி. அப்பால இத்த படி."

ஒன்று 1986ஆம் வருஷத்துப் பதில். எங்கள் சர்வே நம்பரைச் சொல்லி, பழைய பதிவேட்டில் அது நிபந்தனை நிலமாக இருப்பதை ஒத்துக்கொண்டு, இப்போது வேறொருவர் அனுபவத்தில் இருப்பதால் ஆவன செய்ய இயலாது என்று முடித்திருந்தார்கள். இன்னொன்று 2009இல், தகவல் உரிமைச் சட்டத்தில் நைனா கேட்டதற்கு வந்தது. அப்படி ஒரு பதிவே இல்லை என்றது. இடையில் இருபத்துமூன்று வருஷம். முதலில் இருந்தது, பிறகு இல்லாமல் போனது. இரண்டும் ஒரே கட்டில் அடியும் நுனியுமாகக் கிடந்ததால் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நைனா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "இப்ப கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிறாங்களே, அத்த எந்தக் காயிதத்த பாத்து ஏத்துனாங்க?"

எம்.ஏ. படித்தவனுக்குத் தோன்றாத கேள்வி. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பல இடங்களில் பட்டா எழுதப்பட்டது. பிறகு கம்ப்யூட்டரில் ஏறியது அந்தப் புதுக்கணக்கு. இன்று கைப்பேசியில் சர்வே நம்பரைத் தட்டினால் பட்டா வருகிறது. வேகமாக வருகிறது, சுத்தமாக வருகிறது. ஆனால் பொய்யாக எழுதியது வேகமாக வந்தால் உண்மை ஆகிவிடுமா? அதைப் பொய் என்று காட்டப் பழைய பதிவேடுதான் வேண்டும். அந்தப் பழைய பதிவேடு இருந்த பீரோக்களைத்தான் எடைக்குப் போடுகிறார்கள். அதைத்தான் மஞ்சள் வண்ணம் அடித்துச் செடி வைக்கிறார்கள்.

செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் என்கிற சொல் தமிழ்நாட்டுக்குப் பரவலாகத் தெரிந்தது. ஒரு பதிவேட்டுப் பக்கத்துக்காக இரண்டு உயிர். அதனால்தான் இந்த இரும்பை வெறும் அழகுச் சாமானாக என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்காக அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. சேரி வீட்டில் அழகு கூடாது என்று யார் சொன்னது? நைனாவே பீரோவைத் தேய்த்தார். மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, அரித்த இடத்தில் மட்டும் ரெட் ஆக்சைடு பூசினார். பச்சையை அப்படியே விட்டுவிட்டோம். அது எந்தச் சாமான் என்று தெரியவேண்டும். டிராயர் ஓடுகிற தண்டவாளத்துக்குக் கிரீஸ் வைத்தார். அடியில் தறிக்கட்டையை அறுத்து நாலு துண்டு கொடுத்தோம், ஈரம் ஏறாமல் இருக்க. சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடம். உள்ளே பாச்சை உருண்டையும் வேப்பிலையும். கனமானதைக் கீழ் டிராயரில் வைக்கவேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு டிராயரை இழுக்கக் கூடாது, இழுத்தால் ஆள்மேல் சாயும். இதையெல்லாம் பட்டுத்தான் கற்றோம்.

கீழ் டிராயரில் 'நிறப்பிரிகை', 'தலித்', 'புதிய கோடாங்கி', துண்டறிக்கைகள். அதற்கு மேலே தெருவில் இன்னும் தறியில் இருக்கிற பெண்களின் கூலிக்கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நோட்டு, வாங்கிய முன்பணமும் கொடுத்த சேலையும் தேதியோடு அவர்களே எழுதுகிறார்கள். இரண்டாவதில் நிலம். மேல் டிராயரில் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நகல்கள். பெயர்ச்சீட்டுகளைத் தங்கை எழுதிச் செருகினாள். இந்த இரும்புக்கு இதுவரை இப்படி ஒரு கையெழுத்து வாய்த்திருக்காது.

இரண்டு பதில்களின் நகலையும் வைத்து மறுபடி மேல்முறையீடு போட்டிருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை. வருமா என்று தெரியாது. ஆனால் கூலி கொடுக்க வந்த முதலாளி போன மாசம் தன் நோட்டை விரித்தபோது, அடுத்த வீட்டு அக்கா தன் நோட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. அவர் குனிந்து கூட்டிப் பார்த்தார், இவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் அவர்தான் தன் கணக்கைத் திருத்தினார்.

நண்பர் போன வாரமும் பீரோவைக் கேட்டார். தர முடியாது என்றேன். "உங்க வீட்டு பீரோல செருப்ப எடுத்துட்டு ஒரே ஒரு டிராயர் காலி பண்ணிக் குடுங்க. நகல் ஒரு செட்டு அங்கயும் இருக்கட்டும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். நம் வீடுகள் மழைக்கு ஒழுகும், தீக்கும் இரையாகும். நகல் இரண்டு இடத்தில் இருப்பது நல்லது.

தோழர்களே, உங்கள் ஊரிலும் எடைக்குப் போகிற பீரோ இருக்கும். ஒன்றை வாங்குங்கள். முடியாவிட்டால் ஒரு தகரப் பெட்டி போதும். தாத்தா கட்டிவைத்த கட்டை அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். வெளியே போய்ப் பேசுவதற்கு முன் அதை ஒருதடவை முழுக்கப் படியுங்கள். நான் தாமதமாகச் செய்தேன்.

சாயங்காலம் ஆனால் நைனா பீரோ முன்னால் வந்து நிற்பார். கண் சரியாகத் தெரியாது. "எம் பேப்பரு எதுலடா கீது?" என்பார். "ரெண்டாவது நைனா" என்பேன். தெரிந்தேதான் கேட்கிறார். டிராயரை இழுத்து, உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூடிவிட்டுப் போவார். அம்மா இன்னும் கண்ணாடி வேண்டும் என்றுதான் சொல்கிறாள். பக்கவாட்டில் ஒன்று மாட்டித் தரலாம் என்று இருக்கிறேன்.